லெந்தாஸ் மலைப்பாதையில் வசந்தி ஓடிய கார்

1997 வைகாசியில் மனைவி வசந்திக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்தது. கலியாணம் முடித்து ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் குடியேறிய பிறகு அதுதான் முதல் தடவை. மலிவாக அகப்பட்ட பக்கேஜில் ரொறன்ரோவிலிருந்து கிரேக்கத்தின் கிறீட் தீவுக்குப் பறந்தோம்.

வடகரை ஹோட்டல் இரண்டு நாளில் அலுத்துவிட்டது. கடற்கரை முழுக்க வாடகைக் குடைகள். இரவில் தலையணைக்குள்ளும் டிஸ்கோ சத்தம். தெற்கே மலைக்கு அப்பால், தீவின் தலைநகர் ஹெராக்லியோனிலிருந்து எழுபத்தைந்து கிலோமீற்றர் அளவில், லெந்தாஸ் என்ற கடலோர ஊரை வரைபடத்தில் பிடித்தோம்.

வாடகைக்குக் கியர் கார்தான் இருந்தது. நானோ ஓட்டோமற்றிக்கில் மட்டும் பழகியவன். வசந்தி ஊரில், சுன்னாகத்தில், தகப்பனின் காரில் கியர் பழகியவள். ஆனால் கனடாவில் முதல் பனிக்காலத்திலேயே சறுக்கிப்போய் ஒரு கம்பத்தில் மோதியதோடு கார் ஓடுவதை விட்டுவிட்டாள். லைசென்ஸ் மட்டும் கைப்பையில் கிடந்தது. கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றவள், “திறப்பைத் தாங்கோ” என்று சாவிக்குக் கை நீட்டினாள்.

ஒலிவ் தோட்டங்கள் தாண்டும்வரை சுகமான ஓட்டம். பிறகு மலை. ஒரு செங்குத்தான வளைவில் ஆட்டு மந்தை றோட்டை மறித்தது. கார் நின்று, பின்னுக்கு உருளத் தொடங்கியது. கைப்பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் தடுப்பில்லாத பள்ளம்.

“இறங்கிப் பின்சில்லுக்குக் கல்லு வையுங்கோ, கெதியா.”

“நீரும் இறங்கும்.”

“பிரேக்கிலையிருந்து காலை எடுக்கேலாது.”

குதித்து இறங்கி ஒரு கல்லைச் செருகினேன். மற்றச் சில்லுக்கு ஆட்டுக்காரர் ஒன்று வைத்தார். ஆடுகள் விலகின. அவள் கிளச்சை மெல்ல விட, கார் உறுமிக்கொண்டு ஏறியது. நான் பின்னால் ஓடினேன். ஆட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

லெந்தாஸில் கடலோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. அந்தப் பாதையால் நீங்களா ஓடி வந்தீர்கள் என்று கடைக்கார அம்மா என்னைக் கேட்டார். வசந்தியைக் காட்டினேன். பெரிய மீன் அவளுடைய தட்டுக்குப் போனது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். பிறகு உடுத்த உடுப்போடு கடலில் இறங்கினாள். பகல் முழுக்க அந்தக் கரையில் பத்துப் பேருக்கு மேல் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வைகாசி நல்ல மாதம். ஓட்டோமற்றிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மலையில் பெற்றோல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். காரை எடுக்கும்போதே ஒரு மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக்கைச் சோதியுங்கள்.

பின்னேரம் புறப்படும்போது, சுற்றென்றாலும் மேடு குறைந்த ஒரு பாதையை வரைபடத்தில் காட்டினேன். அவள் எட்டியும் பார்க்கவில்லை.

“வந்த வழியாலேயே போவம்” என்றாள்.