படலையில் அலறிய பெட்டி

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வயலின் நுழைவாசலில் உள்ள படலை, வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கிறது. அங்கே மின்சாரம் இல்லை. படலையடிக் கொட்டிலில் வைத்திருந்த தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை யாரோ தூக்கிக்கொண்டு போன பிறகு, கணவர் கடன்பட்டுப் புதிதொன்று வாங்கினார். கூடவே, ஆள் அசைவு கண்டால் பற்றரியில் எரியும் விளக்கும், அதேபோல் அலறும் சிறு பெட்டியும் வாங்கி வந்தார். நான் ஏணியைப் பிடிக்க, அவர் இரண்டையும் படலைக் கட்டையில் பொருத்திப் பூட்டினார்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாடு உரசினாலும் விளக்கு மின்னல்போல வெட்டி வெட்டி எரிந்தது. மயில் இறங்கினாலும் பெட்டி அலறியது. குசினி யன்னலால் எட்டிப் பார்த்துப் பார்த்தே கறி அடிப்பிடித்தது. எரிந்தால் யார் வந்தார்களோ என்ற பயம். எரியாவிட்டால் பற்றரி இறங்கிவிட்டதோ என்ற பயம்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் பெட்டி அலறியது, நிற்கவேயில்லை. ஓடிப்போனேன். படலைக்கு வெளியே ஒரு பெண் காதுகளைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தார். பக்கத்துக் காணி அக்கா. போரின் கடைசிச் சண்டையில், குண்டுவீச்சில் கணவரைப் பறிகொடுத்துத் தனியே திரும்பி வந்தவர். கட்டவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆட்டைத் தேடி வந்திருக்கிறார்.

படலையில் ஏறிப் பெட்டியைப் பிடுங்கிப் பற்றரியைக் கழற்றினேன்.

"அக்கா, இது கள்ளருக்குப் பூட்டினது. ஒண்டுமில்லை, எழும்புங்கோ."

"ஓம் பிள்ளை, நீங்கள் பூட்டேக்க பாத்தனான்தானே. தெரிஞ்சும் விழுந்திட்டன்."

அவர் எழுந்து நிற்கும்வரை மண்ணிலேயே பக்கத்தில் இருந்தேன். பிறகு இருவருமாக ஆட்டைத் தேடிப் பிடித்தோம்.

கணவர் வந்ததும் சொன்னேன். "பெட்டி இல்லாட்டி புது மிசினையும் கொண்டுபோடுவாங்கள்," என்றார்.

"அப்ப மிசினைப் பின்னேரத்தில வீட்டுக்குக் கொண்டுவருவம். அந்தப் பெட்டி அங்கை வேண்டாம்."

"சரி, விளக்கு மட்டும் இருக்கட்டும். வெட்டாமல் எரியிறமாதிரி மாத்திவிடுறன்," என்றார்.

இப்போது பின்னேரங்களில் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி வருகிறோம். விளக்கு எரிந்தால் இன்னமும் எழுந்து பார்க்கிறேன். அக்கா அந்தப் பக்கம் வருவதில்லை. வாய்க்கால் வரம்பால் சுற்றிப் போகிறார். பெட்டியைக் கழற்றிவிட்டோம் என்று வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "ஓம், வாறன்," என்றார். இன்னும் வரவில்லை.