முப்பத்தோராம் நம்பர் விருந்தாளி

விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த பெரியதம்பியின் கையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர் கோடு போட்டால் அது எழுந்து நடக்கும் என்பார்கள். நடக்காது என்று சொல்கிறவர்கள் பார்க்காதவர்கள். திண்டிவனம் அஞ்சம்மாள் பார்த்தவள். பத்து நாள் அவள் உயிரே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கியது. ஆகவே அவள் பார்த்த விதத்தில் சொல்வதுதான் நியாயம்.

பெரியதம்பிக்குச் சொந்த ஊர் முகையூர். நிலமும் கிணறும் உள்ள குடும்பம். ஏர் பிடிக்க அனுப்பினால், உழுத சேற்றில் குச்சியை வைத்து மாமன் மூக்கை வரைந்துவிட்டு நிற்பார். மாமன் வந்து பார்த்து, முதலில் சிரிப்பார், பிறகுதான் அடிப்பார். அந்தச் சிரிப்புக்கு அந்த அடி தகும் என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. பிறகு எந்த ஏர் நிற்கும்?

ரயில்வேயில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் வெள்ளை பெயின்டும் பிரஷும், பெட்டி பெட்டியாக நம்பரும். மிச்ச நேரமெல்லாம் கேலிப்படம். ரத்தான பார்சல் ரசீதுகளின் முதுகுப் பக்கத்தில் வரைவார். டிக்கெட் கேட்க ஆள் வந்ததும் தூங்கிப்போகிற பெரிய மனுஷர், ஜன்னல் சீட்டுக்குத் துண்டைப் போட்டுவிட்டு வண்டியையே விட்டவர், எல்லோரும் அதில் இருப்பார்கள். மெட்ராஸில் ஒரு சிரிப்புப் பத்திரிகை வாராவாரம் அவர் படத்தைப் போட்டது. அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைத்தான் அன்றைக்கு வரைவார். நேற்றுப் பார்த்ததை இன்றைக்கு வரையச் சொன்னால் கை வராது.

அவரைச் சுற்றி எப்போதும் நாய்கள் இருக்கும். அவை எப்படி வந்தன என்றால், ரயில்வேக்காரர்களுக்கு மாற்றல் வரும். கட்டில், அண்டா, அம்மிக்கல், கோழிக்கூண்டு எல்லாம் வண்டியேறும். நாய் மட்டும் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும். வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே நாலு நாள் நிற்கும். பெரியதம்பி போய்ப் பக்கத்தில் உட்காருவார், கூப்பிடவே மாட்டார். அவர் எழுந்து நடந்தால் அது பின்னால் வரும். யார்டு ஓரத்தில், சக்கரம் கழற்றி இறக்கிவைத்த பழைய கூட்ஸ் பெட்டி ஒன்று இருந்தது. அதுதான் நாய்களுக்கு வீடு, அவருக்குப் படம் வரைகிற இடம்.

எந்த நாய்க்கும் அவர் பெயர் வைத்ததில்லை. "விருந்தாளிக்கு நான் யாருய்யா பேரு வைக்க? வளக்கப்போறவங்க வைக்கட்டும்" என்பார். பட்டை இல்லாத நாயை முனிசிபாலிட்டி ஆட்கள் விட்டுவைக்க மாட்டார்கள் என்பதால், ரயில் பெட்டிக்கு எழுதுகிற அதே எழுத்தில் தகர வில்லையில் நம்பர் எழுதிக் கழுத்தில் கட்டுவார். பிறகு அந்த நாயை, அதன் குணம் தெரிகிற மாதிரி ஒரு படம் வரைந்து, பாசஞ்சர் வண்டியின் கார்டு காதர் பாட்சாவிடம் கொடுத்தனுப்புவார். காதர் பாட்சா அதை ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் காட்டுவார். படத்தைப் பார்த்தே ஆள் வந்துவிடும். கண்டமங்கலத்தில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, காவலுக்கு ஒன்று, பனமலை ஏரிக்கரை ஆட்டுப்பட்டிக்கு ஒன்று என்று போய்ச் சேர்ந்தன. அவர் அங்கே இருந்த பதினைந்து வருஷத்தில் இருநூறுக்குக் கிட்ட அப்படி வந்து போயின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்த முப்பதும் ஆண். பொட்டைக் குட்டியை யார் வைத்துக்கொண்டார்கள்? கண் திறக்குமுன் ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். முப்பத்தொன்றாவதுதான் அவரிடம் வந்த முதல் பொட்டை. எலும்பும் தோலும், வயிறு மட்டும் உப்பல். "வயித்துல பூச்சி" என்று தீர்மானித்து, வேப்பங்கொழுந்தை அரைத்து வாயில் ஊற்றினார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், அந்த முப்பத்தொன்று அஞ்சம்மாளைக் கடித்தது.

அஞ்சம்மாள் திண்டிவனத்தில் மல்லாட்டை அவித்து, கூடையோடு பாசஞ்சரில் ஏறி விழுப்புரம் வரை விற்றுக்கொண்டு வருகிறவள். அன்றைக்கு பிளாட்பாரக் கடைசியில் கூடையை இறக்கப் பின்னால் ஓர் அடி வைத்தாள். பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாயின் வாலில் கால் பட்டது. கெண்டைக்காலில் பல் பதிந்தது. போர்ட்டர்கள் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"அடிச்சிக் கொல்லுங்கய்யா அத!" என்று முதலில் கத்தியவள் அஞ்சம்மாள்தான். அதை மறைத்துப் பயனில்லை.

பெரியதம்பி பெயின்ட் டப்பாவோடு வந்து நாய்க்குக் குறுக்கே நின்றார். பின்னாலேயே ரயில்வே கம்பவுண்டர் வந்தார். காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே எல்லோரையும் அதட்டினார்.

"பல்லு மேலாலதான் பட்டிருக்குது. நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. பத்தாம் நாளும் அது நல்லா இருந்திச்சின்னா பயமில்ல. நடுவுல அதுக்கு ஏதாச்சும் மாறிச்சின்னா, செத்திச்சின்னா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. இப்பவே அடிச்சிப்போட்டீங்கன்னா வெறியா இல்லையான்னே தெரியாம போயிடும்."

அஞ்சம்மாளின் சித்தப்பா நாய்க்கடியில்தான் போனார். கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்டு அவர் சுவரோடு சுவராக ஒண்டியதை அவள் பார்த்திருக்கிறாள்.

"கொல்லாதீங்க. அது சாவக் கூடாது" என்றாள். "சாவ விடமாட்டேன் தங்கச்சி. தெனமும் சேதி அனுப்பறேன்" என்று பெரியதம்பி வாக்குக் கொடுத்தார். கடித்த நாயின் உயிரும் கடிபட்டவள் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

வீட்டில் புருஷன் கண்ணையன் வேறு பாட்டுப் பாடினான். "கடிச்ச நாயைக் கொன்னாத்தான் விஷம் எறங்கும். ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமா கடிச்ச நாய்க்குச் சோறு போட்டு வளக்கறீங்க?" என்று குதித்தான். நாய்க்கடிபட்டவள் ஆறு தாண்டக் கூடாது, தண்ணீரில் முகம் பார்க்கக் கூடாது என்று பத்தியம் சொல்லிவிட்டான். விழுப்புரம் போக விக்கிரவாண்டி ஆற்றுப்பாலம் தாண்டவேண்டும். நாய் அங்கே, அவள் இங்கே.

மறுநாள் காலைப் பாசஞ்சர் திண்டிவனத்தில் நின்றபோது, காதர் பாட்சா தன் கார்டு பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "பெயின்டரு குடுத்தாருமா. ஜல்தியா பாத்துக்க, வண்டி கெளம்புது."

அஞ்சம்மாளுக்கு எழுத்து தெரியாது. எழுத்தும் அதில் இல்லை, படம்தான். முப்பத்தொன்று எஞ்சினாக நின்றுகொண்டிருந்தது. காதிலிருந்து புகை போயிற்று. பின்னால் ஒரே ஒரு பெட்டி. அதில் இரண்டு போர்ட்டர்கள் கட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். மூன்றாவது பார்வையில்தான் அவளுக்கு விளங்கியது. ஒரு பெட்டி என்றால் ஒரு நாள். நாய் உயிரோடு இருக்கிறது.

அவள் அப்படியே தண்டவாள வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நாய்க்கு என்று இருந்தது என்னவோ பத்துக் கோடு. அதற்குள் அந்த நாயின் சாய்ந்த காது இருந்தது, கடித்த அன்றைக்குப் பார்த்த அதே பயந்த கண் இருந்தது. விரலால் தொட்டால் சுடும் போலிருந்தது. மனுஷக் கை இதைச் செய்யுமா?

மறுநாள் இரண்டு பெட்டி. இரண்டாவதில் ஒரு காக்கை, நாயின் சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. மூன்றாம் நாள் மூன்று பெட்டி. நாளுக்கு நாள் வண்டி நீண்டது. தெருப் பெண்கள் அவள் வீட்டு வாசலில் கூடி, பெட்டியை விரல்விட்டு எண்ணினார்கள், சிரித்தார்கள், அவள் கால் காயத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் கண்ணையன் படத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"ஏண்டி, இத நம்பிக்கினா கெடக்கற? நாயி செத்தாலும் அந்தாளு வரைவாண்டி. படம் சாவுமா?"

அது நெஞ்சில் முள்ளாக ஏறியது. ஆறாம் நாள் வந்த படத்தில் அவள் நாயைப் பார்க்கவில்லை, பொய்யைத் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காததும் பயமாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் காதர் பாட்சா காகிதத்தைக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பச்சைக் கொடியைச் சுற்றத் தொடங்கினார். "இன்னைக்குப் பெயின்டருக்குப் பேச்சே இல்லம்மா. ஒரே பேஜாரா இருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

ஏழு பெட்டிகள் இருந்தன. எல்லாம் காலி. எஞ்சினில் புகை இல்லை. முப்பத்தொன்று படுத்துக் கிடந்தது, தலையை ஒரு பக்கம் திருப்பி, எங்கேயோ பார்த்துக்கொண்டு. பக்கத்தில் சோறு தொடாமல் இருந்தது. தண்ணீர்ச் சட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது.

"தண்ணி!" என்றான் கண்ணையன். "பாரு, தண்ணியக் கண்டு மூஞ்சத் திருப்பிக்கினு கெடக்குது. வெறியேதான்!" அரிவாள் பிடி போடுவதற்கு வைத்திருந்த வேலமரக் கட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடினான். பத்தியமாவது ஒன்றாவது என்று அஞ்சம்மாளும் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி அதே பெட்டியில் ஏறினாள்.

அவனுக்கு எதிர்ப்பலகையில் உட்கார்ந்து படத்தை மடியில் விரித்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு அப்போது தெளிவாகிவிட்டது. பொய் சொல்கிறவனாக இருந்தால் இன்றைக்குத்தான் சொல்லியிருக்கவேண்டும். இந்த மனுஷன் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி போட்டிருக்கிறார். அப்படியானால் இதில் உள்ள ஒவ்வொரு கோடும் நிஜம்.

எல்லாமே நிஜமென்றால், இது என்ன? நாய் மண்ணைப் பறித்துக் குழி போட்டிருந்தது. அதை அவர் ஒவ்வொரு நகக்கீறலாக வரைந்திருந்தார். இடுப்புக்கு மேலே பள்ளம் விழுந்திருந்தது. நேற்று நடுவில் தொங்கிய வயிறு இன்றைக்குப் பின்பக்கம் இறங்கியிருந்தது. காம்புகள் விடைத்து வரிசையாக நின்றன. வரைந்தவருக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாமலே ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருந்தார். மூன்று பெற்றவள் மடியில் அது விரிந்து கிடந்தது.

"இந்தாய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பியது. "இது வெறி இல்லய்யா. இடுப்பு வலி!"

விக்கிரவாண்டிப் பாலம் எப்போது கடந்தது, கீழே தண்ணீர் ஓடியதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

யார்டில், கூட்ஸ் பெட்டி வாசலில் பெரியதம்பி குந்தியிருந்தார். கண்ணையன் கையில் கட்டையைக் கண்டதும் எழுந்தார். தடுக்கவில்லை. "நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க தங்கச்சி. நான் கொடுத்துவச்ச வாக்கு தப்பிப்போச்சு" என்றார்.

"நீங்க தள்ளுங்க பெயின்டரண்ணே" என்று அஞ்சம்மாள் உள்ளே போனாள்.

தரைப்பலகை உளுத்துப்போன மூலையில், மண்ணில் பறித்த குழியில் முப்பத்தொன்று எதையோ நக்கிக்கொண்டிருந்தது. எலிக்குஞ்சு மாதிரி ஒன்று, பக்கத்திலேயே இன்னொன்று.

கண்ணையன் கதவோரம் நின்றான். மாட்டுக்குக் கன்று எடுத்துவிட்டுப் பழகினவன். கட்டை அவன் கையிலிருந்து எப்போது நழுவியது என்று அவனுக்கே தெரியாது. குந்தி உட்கார்ந்து, எட்ட இருந்தே பார்த்தான்.

"ஏன் பெயின்டரே, வயித்துல பூச்சின்னு சொன்னீங்களாமே?"

"ஆமாங்க. வேப்பங்கொழுந்துகூடக் குடுத்தேன்."

"ஒங்க பூச்சிக்கு நாலு காலு இருக்குது, வாலும் இருக்குது. இன்னும் ரெண்டு பூச்சி பாக்கி இருக்குது, பேசாம இருங்க."

பெரியதம்பி சிரிக்கவில்லை. தன் படத்தை அவள் கையிலிருந்து வாங்கினார், நாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "எல்லாம் இதுல இருக்குதே. நான்தானே போட்டேன். எனக்கு ஏன் தெரியல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண்ணையனிடம் கேட்டார், கூட்ஸ் பெட்டியிடம் கேட்டார்.

கடைசிக் குட்டி விழுந்த பிறகு, முப்பத்தொன்று தலையை நீட்டித் தண்ணீர் குடித்தது. சளக் சளக்கென்று குடித்துச் சட்டியைக் காலி செய்தது. அந்தச் சத்தத்தை அஞ்சம்மாள் கோயில் மேளத்தைக் கேட்பதுபோல் கைகூப்பிக்கொண்டு கேட்டாள்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் புகை குபுகுபுவென்று வந்தது. பத்தாம் நாள் பத்துப் பெட்டி, கடைசிப் பெட்டியில் நாலு குட்டிகள் கார்டு வேலை பார்த்தன. கம்பவுண்டர் நாயைப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். குட்டிகள் பால் மறந்த பிறகு முப்பத்தொன்று முகையூருக்கு, பெரியதம்பியின் அண்ணன் கொல்லைக்குப் போயிற்று. மூன்று குட்டிகள் பனமலைப் பக்கம் போயின. நாலாவதைக் கண்ணையன் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். "கடிச்ச நாயோட வம்சத்த எவ வளப்பா?" என்று அஞ்சம்மாள் ஒரு வாரம் சோறு வைக்கவில்லை. எட்டாம் நாள் வைத்தாள்.

ஆடி மாதத்தில் பெரியதம்பியே திண்டிவனம் வந்தார். அந்தப் பத்துப் படத்தையும் ஒரு தொடராகப் போட மெட்ராஸ் பத்திரிகை கேட்டிருந்தது. அஞ்சம்மாள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் எண்ணினார். ஒன்பதுதான் இருந்தன.

"ஏழு எங்க தங்கச்சி?"

அவள் சுவரைக் காட்டினாள். மாரியாத்தா படத்துக்கும் பெருமாள் படத்துக்கும் நடுவே, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, முப்பத்தொன்று படுத்திருந்தது.

"அது வராது அண்ணே. ஒங்களுது சிரிப்புப் பொஸ்தகம். அங்க போனா இதப் பாத்துச் சிரிப்பாங்க."

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

"நாளைக்கும் வராது."

"அப்ப பத்திரிகைக்கு நான் இன்னா சொல்றது?"

"வேற ஒண்ணு வரைஞ்சி குடுங்களேன். ஒங்க கைக்கு இது ஒரு பெரிசா?"

பெரியதம்பி சுவரில் இருந்ததைக் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அந்த நாளு போயிடுச்சேம்மா. பாக்காதத எப்படி வரைவேன்?" என்று சொல்லி, ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் கொடுத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

பத்திரிகை வந்தது. இரண்டு பக்கத்துக்குப் பத்துக் கட்டம். ஏழாவது கட்டம் வெறுமையாக இருந்தது. அச்சாபீஸில் தூங்கிவிட்டார்கள் என்று விழுப்புரமே பேசிச் சிரித்தது. காதர் பாட்சா ஒரு பிரதியை அஞ்சம்மாளிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் போய், அந்த வெற்றுக் கட்டத்தில் வந்து நிறுத்தினாள். பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.