கச்சான் காற்றைப் பார்க்கத் தலவாக்கலைக்கு

ஆடி மாதத்தில் மலையகம் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் முதன்முதலில் போனதே ஓர் ஆடியில்தான், அறுபதுகளின் தொடக்கத்தில். ஊர் பார்க்க இல்லை. ஒரு டீச்சர் அளந்த மழையைக் காப்பாற்றப் போனேன்.

திருகோணமலையில் கடலை ஆராயும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கொட்டியாரக் குடாத் தண்ணீரின் உப்பளவு, மீனவர் சொல்லும் காற்று, மலையில் பெய்யும் மழை, மூன்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்க வேண்டும். மலை மழை மகாவலி ஆற்றின் வழியாக எங்கள் குடாவுக்குத்தானே வருகிறது! தலவாக்கலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மழை அளந்து அனுப்பியவர் புஷ்பம் டீச்சர். மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் எங்கள் மீனவர் மாதிரி ‘கச்சான்’ என்று எழுதுங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

‘கச்சான். மூன்று அங்குல மழை’ என்று எழுதி அனுப்பினார். எங்கள் அதிகாரி சிரித்தார்.

“கச்சானுக்கு மழையோ? அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ள இருந்து எழுதுது. அந்த வரியை வெட்டிப் போடும்.”

எங்களூரில் கச்சான் அடித்தால் உதடு வெடிக்கும், கிணறு வற்றும். ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை. அந்தக் குண்டு எழுத்துக்காக மாதாமாதம் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்து வருவதாக லீவு போட்டேன்.

மாலை ரயில், மூன்றாம் வகுப்பு, ஏழு ரூபாய்க்குள். பொல்காவலையில் பதுளை ரயிலுக்கு மாற வேண்டும். ஹட்டன் தாண்டியதும் ஜன்னலை மூடினோம், மூடியும் நனைந்தேன். தலவாக்கலையிலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், பஸ்ஸுக்கு இருபது சதம். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வேலையில் இருந்தார்கள். என் குடையோ முதல் வளைவிலேயே கவிழ்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் யாரென்று சொன்னதும் டீச்சரின் முகம் வாடியது.

“நான் பொய்யா எழுதுறேன்னு பாக்க வந்தீங்களா சார்?”

“இல்லை டீச்சர். எங்கட கச்சான் மழை தராது. அதுதான்...”

“கச்சான்னா எங்களுக்குத் திங்கிற கடலைங்க. நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதுனேன். மேல்காத்து இதுதானுங்களே? வந்து நில்லுங்க.”

மழை அளக்கும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றோம். மேற்கிலிருந்து மழை முகத்தில் அறைந்தது. அதே காற்றுதான்! தண்ணீரையெல்லாம் இங்கே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு எங்களூருக்கு வருகிறது. புத்தகத்தில் படித்ததுதான், நனைந்த பிறகுதான் புரிந்தது.

“நீங்கள் எழுதினது சரி,” என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், மழையில் தெரியவில்லை.

நான் திரும்பிப் போய் விளக்கியதும் அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். கச்சான்: மலையில் மழை, கரையில் வறட்சி என்று அட்டவணையில் சேர்த்தோம்.

ஆகவே, ஆடியில் தாராளமாகப் போங்கள். குடையை நம்பாதீர்கள், மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை அவசியம். அதே வாரம் திருகோணமலைக்கும் வாருங்கள். இரண்டு இடத்திலும் நின்றால்தான் அந்தக் காற்றை முழுதாகத் தெரிந்துகொள்ளலாம்.

நான் மலைக்குப் போய் வந்ததற்கு அடுத்த ஆடியில் புஷ்பம் என் மனைவியாகத் திருகோணமலைக் கரையில் நின்றார். கச்சான் புழுதியை வாரி இறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மேற்கே பார்த்தார்.

“பாவங்க இந்தக் காத்து. இருந்ததெல்லாம் எங்கூர்லயே குடுத்துட்டு வந்துருக்கு.”

“நீரும் அப்பிடித்தானே வந்தனீர்?”

“அதனாலதாங்க எனக்கு அடையாளம் தெரியுது,” என்றார்.