பச்சைப் பூச்சில் ஒரு கீறல்

பவுடரக்கா என்றால்தான் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அழைப்பு மணி, பொம்மை ரேடியோ என்று மலிவுச் சாமான்களுக்குள் போகும் சர்க்யூட் பலகைகளைச் செய்கிற பட்டறை அது. பழுப்பு அட்டை, அதன்மேல் செம்புக் கோடுகள், பற்றவைத்த இடமெல்லாம் பிசின் கறை. முதலாளிக்கு அதுவே போதும். அக்காவுக்குப் போதாது. பச்சைப் பூச்சு கொடுத்து, துணித்திரை வைத்து வெள்ளை மையில் எழுத்துப் பதிப்பாள். பற்றவைத்த பிறகு பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தோய்த்துக் கறை போகத் தேய்ப்பாள். பலகைக்கும் பவுடர் போடுகிறவள் என்றுதான் அந்தப் பெயர்.

"மூடி போட்டு முறுக்கிட்டா உள்ள யாரு பாக்கப் போறா?" என்பார் முதலாளி.

"ரிப்பேருக்குத் தொறக்கறவன் பாப்பாண்ணே. தொறந்ததும் மூஞ்சியச் சுளிக்கக் கூடாது."

அவள் கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் ஒரு குரல் கொடுத்தால் கோடியில் மூட்டைமேல் தூங்குகிறவனும் எழுந்து விலை கேட்பான். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார், குரலில் மிஞ்சியது வெறும் காற்று. ஏழு மாதமாக வீட்டோடு கிடந்தார். யாராவது கதவைத் தட்டினால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது.

பட்டறையில் சொல்லி, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மைக் பெட்டி ஒன்று செய்து வாங்கிவந்தாள். அவர் திறந்து பார்த்தார். உள்ளே அதே பழுப்பு அட்டை, கண்டபடி ஓடும் கம்பிகள்.

"நோயாளின்னு நெஞ்சுல எழுதி மாட்டிக்கவா?" என்று கிசுகிசுத்தார். சட்டைக்குள் போட்டுப் பேசிப் பார்த்தார். துணி உரசி உர்ரென்ற சத்தம்தான் வந்தது. கழற்றி வைத்துவிட்டார்.

அவள் வேலை முடிந்த பிறகு பதினொரு நாள் அதோடு உட்கார்ந்தாள். புதுப் பலகைக்குக் கரும்பச்சை கொடுத்தாள். கம்பிகளைக் குறுக்கி வகிடு எடுத்தாற்போல் நேராக்கினாள். பாகத்தின் எண் வரவேண்டிய இடத்தில் பொடி எழுத்தில் 'ஏலக்காரர்' என்று பதித்தாள். மேலே கண்ணாடி போன்ற மூடி.

ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குச் சந்தைக்குப் போலாமா?" என்று அவராகவே கேட்டார்.

பேசிப் பார்த்தார்கள், குரல் வந்தது. அத்தோடு விடலாம் அல்லவா? அவள் கை சும்மா இருக்குமா! காலையில், பளபளப்புக்காகப் பலகைமேல் வார்னிஷ் இன்னொரு பூச்சு பூசினாள்.

சந்தையில் முதல் சரக்கை அவரிடமே விட்டார்கள். சுவிட்சைப் போட்டார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. மறுபடியும் முயன்றார். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அவர் காதுமடல் சிவந்துவிட்டது. கழுத்துப் பட்டையைக் கழற்றப் போனார்.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. வார்னிஷ் பூசுமுன் மைக்கின்மேல் டேப் ஒட்டவேண்டும். இன்று ஒட்டவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மூடியைத் திறந்தாள். கொண்டை ஊசியை உருவி, மைக்கின்மேல் வார்னிஷில் விறைத்துப்போயிருந்த கருப்புத் துணியைப் பெயர்த்தாள். ஊசி வழுக்கி, பச்சையில் நீளமாக ஒரு கீறல் போட்டது.

"பாவி நான், அழகு பண்றேன்னு உங்க வாயையே அடைச்சுட்டேனே."

மைக் திறந்துகொண்டிருந்தது; அவள் சொன்னது சந்தை முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பும் பெட்டி வழியாகக் கேட்டது. பிறகு சொன்னார்: "பெரிய வெங்காயம், பதினாறு மூட்டை." கைகள் உயர்ந்தன.

சாயங்காலம் அவள் பச்சை டப்பாவும் மெல்லிய தூரிகையுமாக வந்து உட்கார்ந்தாள். அவர் பெட்டியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அசிங்கமா இருக்குங்க. ரெண்டு இழுப்புதான்."

"இருக்கட்டும். ஏழு மாசமா வாசலுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் எனக்காக நீதான் பேசின. இதுலயும் முதல்ல நீதான் பேசின. அந்த எடத்தப் பூசி மறைக்காத."

அவள் டப்பாவை மூடினாள்.