மீன் பட்ட நாளின் குறுஞ்செய்தி

எந்தப் பக்கம் மீன் கிடைக்கும் என்று மீனவர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. மீன்பாடு கூடுவதற்கு அந்தச் செய்திதான் காரணமா என்பது எங்கள் ஆய்வு. நான் தூத்துக்குடியில் புள்ளியியல் பேராசிரியை. என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த பெண்ணின் ஆய்வேடே அதுதான். சில பதிவுகள் தவறாக இருந்தாலும் முடிவு குலையாத கணக்கு முறை ஒன்றைப் பல வருடம் உழைத்து உருவாக்கியிருந்தேன். செய்தியைத் திறந்த நாட்களில் மீன் அதிகம் என்று அது உறுதியாகக் காட்டியது. கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொள்ளவும் செய்தது.

அச்சுக்கு முன், மீனவர்கள் செய்தியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதற்காக ஆலந்தலை மீனவர் குப்பத்துக்குப் போனேன். படகு மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கேட்டேன்.

“அங்கன கடல்ல ஏது டீச்சர் சிக்னல்? கரைக்கு வந்துதான் பாப்போம்.”

“தினமும் பாப்பீங்களா?”

“நல்லா மீன் பட்ட அன்னைக்குப் பாப்போம், அவன் சொன்ன எடமா நாம போட்ட எடமான்னு. படாத அன்னைக்கு அத எவன் தொறப்பான்?”

எங்கள் பட்டியலில் திறந்த தேதி இருந்தது, நேரம் இல்லை. மீன் பட்டதால்தான் செய்தியைத் திறந்திருக்கிறார்கள். நாங்கள் காரணத்தைத் தலைகீழாகப் படித்திருந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது என் மாணவி அழைத்தாள். “மேடம், தீசிஸ பைண்டிங்குக்குக் குடுத்துரட்டுமா?”

அந்த மாதத்தோடு அவள் உதவித்தொகை முடிகிறது. ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. “குடு” என்றேன்.

பதினோரு நாள் அதோடு கிடந்தேன். காலையில் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசுவேன். வகுப்பில் காரண காரியப் பாடத்தைத் தள்ளிப்போட்டேன். பன்னிரண்டாம் நாள் பைண்டு செய்த ஆய்வேட்டைக் கையெழுத்துக்கு வைத்தாள். பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பத் தெரியும் மேடம்?”

“நீ போன் பண்ணுன அன்னைக்கே.”

“அப்பவே சொல்லிருக்கலாம்லா.”

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. மறுவருடம் திருத்தி எழுதிப் பட்டம் வாங்கினாள். வாய்மொழித் தேர்வில், பிழை எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். “மேடம் நேர்ல போய்க் கேட்டாங்க,” என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அழைத்ததும் இல்லை.