சட்டக்காவின் பெடல் வாளி

பல்கலைக்கழகத்தின் பட்டறைக் கட்டிடத்தைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைப்பவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அவள் சட்டக்காதான். அறிவிப்புப் பலகையைத் துடைக்கிறவள் அதை வாசிக்கவும் செய்தால் இப்படித்தான் ஆகும். லிஃப்ட்டில் எத்தனை பேர் ஏறலாம், எந்தக் கதவு எத்தனை மணிக்கு மூடும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பேராசிரியரே ஒன்பதாவது ஆளாக லிஃப்ட்டில் ஏறினாலும் இறக்கி விட்டுவிடுவாள்.

அந்த வருடம் அவளுடைய வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. கூட்டும்போது ஒன்றுமில்லை. வாளியில் பிழிவதற்கென்று இருக்கும் கைப்பிடியை அழுத்தி மாப்பைப் பிழியும்போதுதான் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது பிழிய வேண்டும். இனிமேல் பிழியவே கூடாது என்றார் டாக்டர். துப்புரவு கம்பெனியின் சூப்பர்வைசர், அவளைவிட இருபது வயது சின்னவன், வேறு மாதிரி சொன்னான்.

"பிழிய முடியலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்க்கா. மாசக் கடைசியில வருவேன். மாடி வராண்டா முழுசும் என் முன்னால துடைச்சுக் காட்டுங்க."

வீட்டில் புருஷன், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர், "விட்டுத் தொலையேன். நான் சம்பாதிக்கறது போதாதா?" என்றார்.

"கெட்டது என் கை இல்ல, அந்த வாளி. வாளிக்காக நான் எதுக்கு வேலைய விடணும்?" என்றாள் அவள். கோபத்தில் அன்றைக்குப் படுக்கிறவரை அவரோடு பேசவில்லை.

கை போனால் என்ன, கால் கல்லுக்குண்டாக இருக்கிறதே! காலால் மிதித்தால் திறக்கிற குப்பைத்தொட்டியை அவள் தினமும்தான் காலி செய்கிறாள். குப்பைத்தொட்டிக்கு உள்ள மரியாதை மாப் வாளிக்கு இல்லையா? ஒரு பெடல், இரண்டு இரும்புப் பட்டை, நாலைந்து ஓட்டை. ஓட்டை போடும் இயந்திரமோ அவள் தினம் தூசி தட்டுகிற அறையிலேயே நிற்கிறது. அந்த அறையின் வாசலில் ஒரு பலகை: அடையாள அட்டை உள்ள எவரும், பாதுகாப்புத் தேர்வில் தேறியபின், இயந்திரங்களைப் பயன்படுத்தலாம்.

பட்டறைப் பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஏம்மா, இது பசங்க புதுசா ஏதாவது கண்டுபிடிக்கற இடம்."

"நானும் அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "பசங்களுக்கு மட்டும்னு போட்டிருந்தா நான் உள்ளயே வந்திருக்க மாட்டேன்."

மனிதர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கேள்வித்தாளைக் கொடுத்தார். இருபது கேள்வி, இருபதும் சரி. படித்துப் பட்டம் வாங்கப் போகிறவர்களே பதினாறில் மூச்சு வாங்குகிற தாள் அது.

அடுத்தது செய்முறை. சட்டக்கா ஓட்டை போடும் இயந்திரத்தின் முன் நிமிர்ந்து நின்றாள். பையிலிருந்து மஞ்சள் ரப்பர் கையுறையை எடுத்து, இரண்டு கையிலும் இழுத்து மாட்டிக்கொண்டு, சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள்.

"நிறுத்துங்க. ஃபெயில்," என்றார் பொறுப்பாளர். "சுத்தற மெஷின்ல கையுறை கூடாது. மாட்டுச்சுன்னா கையையும் சேத்து இழுத்துடும்."

அவளுக்கா தெரியாது? ஏழாவது கேள்விக்கு அதைத்தானே பதிலாக எழுதியிருந்தாள்! ஆனால் கையுறை இல்லாமல் எதையாவது தொட்டால் பதினோரு வருடமாகச் சூப்பர்வைசர்களிடம் திட்டு. மூளை படித்ததைக் கைகள் கேட்டால்தானே. மறுபடி செய்து காட்ட ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மாப் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, மீதிப் படிக்கட்டைத் துடைக்கப் போனாள்.

அடுத்த வாரம் கையுறை இல்லை, வளையல் இல்லை, கூந்தலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பொறுப்பாளர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "பாஸ்," என்றார் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சாப்பாட்டுக்கு, அரை மணி பட்டறைக்கு. மாணவர்கள் வெட்டி எறிந்த துண்டுகளில் நல்ல பட்டையாகப் பொறுக்கினாள். வாளியின் கைப்பிடியையும் கீழே ஒரு பெடலையும் பட்டையால் இணைத்து, முதன்முதலாக ஓங்கி மிதித்தபோது வாளியே குப்புறக் கவிழ்ந்தது. பட்டறை முழுக்கத் தண்ணீர். மாணவர்கள் சிரித்தார்கள். கவிழ்த்ததும் அவள், துடைத்ததும் அவள். துடைத்துக்கொண்டே யோசித்தாள். மறுநாள் வாளிக்கு அடியில் நீளமாக ஒரு பலகை கொடுத்து, அதன்மேல் தானே ஏறி நின்றுகொண்டு மிதித்தாள். அவள் கனத்துக்கு வாளி அசையவில்லை. மாப்பைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தது.

சூப்பர்வைசர் வந்தான். பாதி வராண்டா அவன் கண் முன்னால் பளபளத்தது. மணிக்கட்டுக்கு வேலையே இல்லை.

"இது கம்பெனி வாளி இல்லையேக்கா."

"வாளி கம்பெனியோடதுதான், ஒரு கீறல் இருக்கா பாரு. மாட்டியிருக்கறது என்னுது."

அவனே ஏறி மிதித்துப் பார்த்தான். இறங்க மனசில்லாமல் இன்னும் இரண்டு தடவை மிதித்தான். அவளுடைய வேலைத் தாளில் கையெழுத்துப் போட்டான். அவள் வேலை நிலைத்தது. அதோடு போயிருக்கலாம், போகவில்லை. "இத ஆஃபீஸுக்குத் தூக்கிட்டுப் போறேன்க்கா. பெரியவர் பாக்கட்டும்," என்று குனிந்தான்.

சட்டக்கா வாளியின் அடிப்பலகைமேல் ஏறி நின்றாள்.

"பாக்கணும்னா அவர் இங்க வரட்டும். எனக்கு இன்னும் பாதி வராண்டா இருக்கு."

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறக்க வந்த பொறுப்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டக்காவுக்குப் பின்னால், துப்புரவு கம்பெனியின் நீலச் சீருடையில் ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாலு பேர் மணிக்கட்டில் வலிக்குச் சுற்றிய கட்டுத் துணி.

"என்னம்மா இது?"

ஒன்பது பேரும் வெறுங்கையை நீட்டிக் காட்டினார்கள். முன்னால் நின்ற சட்டக்காதான் பேசினாள்.

"தேர்வுக்கு வந்திருக்காங்க சார். கையுறைய எல்லாம் வெளியிலயே கழட்டச் சொல்லிட்டேன்."

அவர் தலைக்கு மேலே இருந்த அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தார். யாரோ அதை அப்போதுதான் துடைத்து வைத்திருந்தார்கள்.