தாடியோடு கரையேறிய மத்தியாஸ்

புருஷன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கமாட்டேன் என்று பங்குச் சாமியாரிடமே சாதித்த செசிலி, தினமும் சினிமாவுக்குப் போகிறாள் என்று எங்கள் கடப்புறத்தில் பேசாத வாய் கிடையாது. பேசட்டும். கூடப் போனவள் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கு அந்தப் பேசும்படக்காரர்கள் வந்தது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில். கதைக்கு ஒரு மீன்பிடிக்காரன் வேண்டுமாம். செசிலியின் புருஷன் மத்தியாஸைப் பிடித்துக்கொண்டார்கள். ஆள் அப்படி லட்சணம். அவன் கட்டுமரத்தோடு கரையேறி வருவதைத்தான் முதலில் எடுத்தார்கள். நோன்பு முடியாமல் எங்கள் ஆண்கள் முகத்தில் கத்தி வைப்பதில்லை. கருகருவென்ற தாடியோடு, கரையில் நின்ற செசிலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை, மழித்த முகத்தோடு அவன் கடலில் இறங்குவதை எடுத்தார்கள். இறங்கினவன் அப்படியே தொழிலுக்குப் போனான். மத்தியானம் கடல் பொங்கியது. மரம் மட்டும் கரை ஒதுங்கியது, உடல் கிடைக்கவில்லை. பாவி மனுஷன்! "ஆளக் காணாம எப்பிடிப் பூசை வைக்க?" என்று செசிலி ஒரே பிடியாக நின்றாள். அழவும் இல்லை.

மறு வருஷம் பக்கத்துப் புதுக்கடை ஊரில் கூடாரம் போட்டு அந்தப் படத்தை ஓட்டினார்கள். சந்தையில் மீன் விற்ற கையோடு இரண்டு பேரும் முதல் ஆட்டத்துக்குப் போனோம். மழித்த முகத்தோடு மத்தியாஸ் கடலில் இறங்கினான். கண்மூடித் திறப்பதற்குள் தாடியோடு கரையேறினான். கொட்டகையே சிரித்தது.

"காலையில போனவன் உச்சைக்குத் தாடி வளத்துட்டு வாறானே, எலே!" என்று ஒருவன் கூவினான்.

மீன் கடவப்பெட்டியை அவன் தலையில் கவிழ்க்கப் போனேன், அவ்வளவு ஆத்திரம். செசிலி என் கையைப் பிடித்தாள்.

"சிரிச்சிட்டுப் போட்டும், ராகேலு. எப்பிடியோ திரும்பி வந்தாருல்லா?"

அதன்பின் ஒரு நாள் தவறவில்லை. அவன் இறங்கும்போது முந்தானையைக் கடித்துக்கொண்டிருப்பாள். தாடியைக் கண்டதும்தான் மூச்சு விடுவாள். உடனே எழுந்துவிடுவாள், மீதிக் கதை என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ராத்திரி இரண்டு வாய் சோறும் இறங்கத் தொடங்கியது.

கொட்டகைக்காரர் குமாரதாஸ் இளகின மனசுக்காரர். இவள் யாரென்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் வாசலிலேயே எங்களை நிறுத்தினார்.

"செசிலி, ஒங்க மாப்பிளையப் பாத்து இனி ஒரு பயலும் சிரிக்கமாட்டான். அந்தத் தப்பான துண்ட நானே வெட்டிக் களஞ்சிட்டேன்."

நான் முந்திக்கொண்டேன். "எத வெட்டினீரு அண்ணாச்சி?"

"தாடியோட வாறத."

"ஐயோ, அந்தத் துண்டு எங்க?"

"குப்பையோட தீயில போட்டேன். பக்குன்னு எரிஞ்சு போச்சு." எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "ஏன், தப்பாயிட்டா?"

நல்ல மனசு! அந்த நல்ல மனசில் இடி விழ என்று வாய்வரை வந்தது. செசிலி உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மத்தியாஸ் கடலில் இறங்கினான். அலையைத் தாண்டினான். மரம் சிறுத்துக்கொண்டே போனது. அடுத்து ஏதோ அரண்மனை, ஏதோ பாட்டு. ஒருவரும் சிரிக்கவில்லை.

செசிலி ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்பம் படம் சரியாத்தான் இருக்கு, மக்கா" என்றாள். "வா. சாமியாருட்ட பூசைக்குச் சொல்லணும்."